கதிரையில் வைத்த குரல்

சேசு மரி சூசை

கட்டுக்கலை, கண்டி
4.10.1931

அன்புள்ள தெரேசா அக்காவுக்கு,

நான் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுதிவிட்டுப் பார்த்தால் அது முழு உண்மை இல்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, பயம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. வழக்கப்படி நான் இந்நேரம் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, ரொட்டி கருகிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வர முடியாமல் போனதற்குக் காரணம் கம்பனியின் செயலாளர் பெல்பர் துரை. கூட்ட அறையில் குறிப்பெழுதும் கிளாக்கர் இனிக் கம்பனியின் எந்தத் தோட்டத்திலும் கால் வைக்கக் கூடாதாம். உங்கள் செம்மலைத் தோட்டமும் கம்பனியுடையதுதானே. கூட்ட அறையில் எடுக்கிற முடிவு எதையும் வாயாலும் எழுத்தாலும் வெளியே விடமாட்டேன் என்று வேதப்புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியமும் வாங்கிவிட்டார். தோட்டத்துத் தபால் பையை உங்கள் துரை கந்தோரில் வைத்துத் திறப்பது தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்தை வத்தேகமையில் ஹபீல் நானா கடைக்கு அனுப்புகிறேன்.

கூட்ட அறையை உங்களுக்கு ஒருமுறை காட்டியிருக்கிறேன். வாவியைப் பார்த்த மேல்மாடி, நீளமான கருங்காலி மேசை, ஏழு கதிரைகள், ஏழு துரைமார். மூலையில் முக்காலியில் நான். அவர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன். என்ன முடிவானது என்று எழுதுவேனே தவிர, யார் சொன்னது என்று எழுதமாட்டேன். பெயர் எழுதாமல் இருப்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். பதினொரு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் நான் ஒரு பெயர் எழுதியதில்லை.

போன புதன்கிழமை ஒரு விசேசக் கூட்டத்தில் சேர்மன் துரையின் கதிரையில் ஒரு பெட்டியை வைத்தார்கள். அவர் லண்டனில் இருக்கிறார். வயதாகிவிட்டது, கப்பல் ஏறமாட்டார். முன்பெல்லாம் கடிதம் எழுதுவார். இப்போது அங்கே இருந்தபடி ஒரு மெழுகு உருளையில் பேசி அனுப்புகிறார். உருளை மூன்று வாரம் கடலில் வருகிறது. நான் அதைப் பெட்டியில் மாட்டி, முள்ளை வைத்து, விசையைத் தட்டினால் அவர் பேசுகிறார். கதிரையில் ஆள் இல்லை, குரல் இருக்கிறது. கனைக்கக்கூடச் செய்கிறார், அக்கா! கனைத்ததும் துரைமார் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒவ்வொரு தீர்மானத்தையும் வாசித்துவிட்டு, “அறையில் யாருக்காவது மறுப்பு உண்டா?” என்று கேட்கிறார். அப்படிக் கேட்க வேண்டும் என்பது கம்பனிச் சட்டம். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். முள் சுர்ரென்று ஓடுகிறது. பிறகு, “இல்லை. நிறைவேறியது” என்கிறார். அந்த இடைவெளியில் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கலாம். பயத்தில் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, அதனால் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்பே “இல்லை” என்று சொல்லி முடித்த மனிதர் இன்றைக்கு “உண்டா?” என்று கேட்கிறார். யாரும் சிரிக்கவில்லை.

மறுப்பு வந்தால் என்ன செய்வது என்று பெல்பர் துரையைக் கேட்டேன். “எழுதிக்கொள். விஷயம் தானாக அடுத்த கூட்டத்துக்குப் போகும்” என்றார். வழக்கமான கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒன்று. முன்பு நீங்கள் பிள்ளைப்பேறு பார்க்கிற தோட்டத்து டிஸ்பென்சரியை மூடப் பார்த்தபோது கிழவர் கார்வில் துரை மறுப்புச் சொல்லி, அது அப்படியே மறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும்.

இன்னும் பத்து வருடத்தில் உலகத்துக் கம்பனிக் கூட்டங்கள் எல்லாம் இப்படித்தான் நடக்குமாம். அதற்குப் பிறகு குரல் கொடுக்கவும் ஆள் வேண்டாமாம். தேயிலை விலையைச் சொன்னால் பெட்டியே யோசித்து முடிவைச் சொல்லுமாம். பெல்பர் துரை அதைச் சந்தோசமாகத்தான் சொன்னார்.

உங்களுக்காகச் செபிக்கும் தம்பி,
கிளறன்ஸ்

*

செம்மலைத் தோட்டம், வத்தேகம
10.10.1931

பெட்டிக்குப் பயந்த என் தம்பிக்கு,

சிரிக்கச் சொன்னாய், சிரித்தேன். ஏழு வயதில் கோவில் ஆர்மோனியத்துக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று பூசை நடுவே அலறினவன்தானே நீ. அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினது இன்னும் கண்ணில் நிற்கிறது. லண்டன் கிழவர் இருமினால் இருமட்டும். மெழுகு உன்னைக் கடிக்காது.

இங்கே சிரிக்க வேறொன்றும் இல்லை. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. கொழுந்து முற்றிக் கிடக்கிறது, எடுக்கச் சொல்லுகிறவர் இல்லை. துரை பங்களாவில் குதிரையை விற்றுவிட்டார்கள். மூக்கையாக் கங்காணி என்னைக் கண்டால் தலையைச் சொறிகிறார். “அம்மா, ஒங்க தம்பி பெரிய கந்தோர்ல இருக்காரே, ஏதாச்சும் தெரியுமா?” என்று நேற்று வாய் விட்டே கேட்டுவிட்டார். தம்பிக்குத் தெரிந்ததெல்லாம் ரொட்டியில் குறை சொல்லத்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்கு ஐந்து பெண்கள் மாதம் ஏறி இருக்கிறார்கள். மார்கழி, தை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நாலு பேரைப் பற்றிக் கவலை இல்லை. நல்லம்மாவைப் பற்றித்தான். கொழுந்து எடுக்கிறவள், மூன்றாம் நம்பர் லயத்தில் குடியிருக்கிறாள். முன்னே இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டாம் முறை அவளே சாவு வரை போய்த்தான் திரும்பி வந்தாள். இப்போதே கால் வீங்குகிறது. அவளைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டால் நான் கரை சேர்த்துவிடுவேன். எட்டு வருடமாக இங்கே பிள்ளைப்பேறு பார்க்கிறேன், இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

அதனால்தான் கேட்கிறேன். தோட்டம் ஏதும் மூடப்போகிறார்களா? உன் சத்தியம் எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

ரொட்டியைக் கருக்கும் அக்கா,
தெரேசா

*

கட்டுக்கலை, கண்டி
21.10.1931

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்து ஒன்பது நாளாகிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். கோபம் வேண்டாம்.

பெட்டிகள் பெருகிவிட்டன. சேர்மன் வராமலே பேசலாம் என்றால் நாங்கள் மட்டும் ஏன் மலை ஏறி இறங்க வேண்டும் என்று மற்றவர்களும் கேட்டார்கள். நுவரெலியாவில் இருக்கிற இரண்டு துரைமார் இப்போது உருளை அனுப்புகிறார்கள். கொழும்புக்காரர் மூவரும் அப்படியே. அவர்கள் உருளையில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: “சேர்மன் சொல்வது எல்லாவற்றுக்கும் சம்மதம்.” என்ன சொல்லப்போகிறார் என்று கேட்காமலே சம்மதம். ஆறு கதிரையில் ஆறு பெட்டி. ஏழாவது கதிரையில் கார்வில் துரை மட்டும் பிரம்பை ஊன்றிக்கொண்டு வந்து உட்காருகிறார். நேற்று அவசரக் கூட்டம் போட்டபோது அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் கேட்டார்: “கிளறன்ஸ், நானும் நீயும்தான் மனுசரா?” “ஆமாங்க துரை” என்றேன்.

மேசை நடுவில் இன்னொரு பெட்டியும் இருக்கிறது. அது பேசுகிற பெட்டி இல்லை, கேட்கிற பெட்டி. அறையில் விழுகிற சத்தத்தையெல்லாம் மெழுகில் கீறிக்கொண்டு லண்டனுக்குப் போகும். நான் இப்போது மூச்சைக்கூட மெதுவாக விடுகிறேன். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன். எதிரே ஆறு குழல்கள் என்னைப் பார்த்தபடி இருக்கின்றன. அவற்றுக்குக் கண் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிற கை வியர்த்து, மை பரவிவிடுகிறது.

ஆட்கள் உட்கார்ந்திருந்த காலத்தில் கெட்ட முடிவு எடுக்கும்போது யாராவது ஒருவர் சன்னல் பக்கம் பார்ப்பார், ஒருவர் சுருட்டை அணைப்பார். அதைப் பார்த்தே விஷயம் பெரிது என்று நான் அறிந்துகொள்வேன். இப்போது எல்லாம் ஒரே குரலில் போகிறது. தேயிலைப் பெட்டிக்கு ஆணி வாங்குவதும், ஒரு தோட்டத்தை

மன்னியுங்கள் அக்கா. அந்த வரியை முடிக்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லவும் முடியாது. என் சத்தியம் உங்களுக்குத் தெரியும்.

நல்லம்மாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். இது கூட நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

பயந்து நடுங்கும் தம்பி,
கிளறன்ஸ்

*

செம்மலைத் தோட்டம்
27.10.1931

தம்பி கிளறன்ஸ்,

பாதி வரியில் நிறுத்திவிட்டு உப்பைப் பற்றி எழுதுகிறாய். நீ நிறுத்தின இடத்திலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நேற்றுக் கந்தோரிலிருந்து சின்னத் துரை வந்து லயம் லயமாகத் தலை எண்ணிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டால் “சும்மா” என்கிறார். சும்மாவா ஒரு மனிதர் மழையில் நனைந்துகொண்டு குழந்தைகளை எண்ணுவார்? ஹபீல் நானா நேற்றுச் சொன்னார்: “தங்கச்சி, அங்கால ஒரு தோட்டத்துச் சனத்த ஒரே நாள்ல ரயில்ல ஏத்திட்டாங்களாம். தலைமன்னார் போய், கப்பல்ல தனுஷ்கோடியாம். கடல் கொந்தளிக்கிற நேரம்.”

நல்லம்மாவை இரண்டு நாள் ரயிலில் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று உனக்கு எழுதவேண்டியதில்லை. வழியில் வலி எடுத்து அம்மா உன்னைப் பெற்று, பிழைக்கப் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

நீ சத்தியத்தை மீற வேண்டாம். வாயாலும் எழுத்தாலும் என்றுதானே சத்தியம் செய்தாய்? முத்திரை வாயும் இல்லை, எழுத்தும் இல்லை. எங்கள் தோட்டம் இல்லையென்றால் முத்திரையை நேராக ஒட்டு. எங்கள் தோட்டம்தான் என்றால் தலைகீழாக ஒட்டு. உள்ளே நீ என்னத்தையாவது எழுது, வாவியில் ஆமை மிதக்கிறது என்று எழுது. சுவாமியாரிடம் கேட்டு இதைச் சொல்லவில்லை. கேட்டால் என்ன சொல்வாரோ, அதனால் கேட்கவில்லை.

உன் அக்கா,
தெரேசா

*

கட்டுக்கலை, கண்டி
2.11.1931

அன்புள்ள அக்கா,

இன்று மரித்த விசுவாசிகள் நாள். பூசைக்குப் போனேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மெழுகுதிரி கொளுத்தினேன். உங்கள் பெயரிலும் ஒன்று.

மழை விடாமல் பெய்கிறது. வாவி நிரம்பிக் கரைக்கு வந்துவிட்டது. நீங்கள் சொன்ன ஆமையைத் தேடினேன், காணவில்லை. நான் தங்கியிருக்கிற வீட்டில் றோஸ் அம்மா நேற்றுப் பலாக்காய்க் கறி வைத்தார்கள். உங்கள் கை வராது. கார்வில் துரைக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பேச்சு வரவில்லையாம்.

வேறு விசேசம் இல்லை. தபாற்கந்தோரில் முத்திரை ஒட்டுகிற இடத்தில் வெகுநேரம் நின்றேன். பின்னால் நின்ற மனிதர் “ஓய், ஒட்டுறீரா, இல்லையா?” என்று ஏசிவிட்டார்.

தம்பி,
கிளறன்ஸ்

*

செம்மலைத் தோட்டம்
7.11.1931

என் அருமைத் தம்பி,

முத்திரையைப் பார்த்தேன். ஹபீல் நானா கடிதத்தை நீட்டினபோதே பார்த்துவிட்டேன். கடை வாசலில் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். றமீஸா, அவருடைய மகள், தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உன் தலைக்கு வரும் என்பது ஒன்று. என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பது இன்னொன்று. நல்லம்மா நேற்று என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்து, “அம்மா, இது துள்ளுற துள்ளலப் பாத்தா தங்கிரும் போல இருக்கே” என்று சிரித்தாள். எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

எப்போது என்று நான் கேட்கவில்லை. தைப் பொங்கல் வரைக்கும் கிடைத்தால் போதும். அதற்குள் ஐந்து பேரையும் பெற்றெடுத்துவிடுவேன். பிறகு தூக்கிக்கொண்டு எங்கே போகச் சொன்னாலும் போவார்கள். ஒரு கூட்டம் தள்ளிப்போனால் போதும், இல்லையா? வேண்டாம் என்று சொல்ல அந்த அறையில் கார்வில் துரைக்கு மட்டும்தான் வாய் இருந்தது என்றால், இப்போது அங்கே வாய் உள்ளவர் யார்?

உன்னைச் செய் என்று சொல்லமாட்டேன். நீ என் ஒரே தம்பி. பதினொரு வருட வேலை. இதை எழுதும்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்கிறேனே தவிரச் சொல்லவில்லை.

தெரேசா

*

கட்டுக்கலை, கண்டி
23.11.1931

அன்புள்ள அக்கா,

நடந்ததை எழுதுகிறேன். சத்தியம் போனது போனதுதான். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

புதன்கிழமை கூட்டம். பெல்பர் துரைக்கு மலேரியா. கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்தபடி சாவியைக் கொடுத்தார். “உருளைகள் இருக்கின்றன, நீ இருக்கிறாய், கூட்டத்தை நடத்து” என்றார். அக்கா, நான் ஒருவனாகப் போய்க் கதவைத் திறந்தேன். ஆறு கதிரையில் ஆறு பெட்டி. ஏழாவது கதிரையில் கார்வில் துரையின் மெத்தை மட்டும். சம்மத உருளைகள் ஐந்தையும் ஒவ்வொன்றாக ஓட விட்டேன். சம்மதம், சம்மதம் என்று காலி அறையில் ஐந்து பேர் சொன்னார்கள். கேட்கிற பெட்டியையும் திறந்தேன். பிறகு சேர்மனை மாட்டினேன்.

ஆறு தீர்மானம் போனது. ஏழாவது, அவசரக் கூட்டத்தில் அறிவித்து இந்தக் கூட்டத்துக்கு வைத்த உங்களுடையது. மார்கழி பதினைந்துக்குள் செம்மலைத் தோட்டத்தை மூடுவது, ஆட்களைக் குடும்பத்தோடு ஊருக்கு அனுப்புவது. “அறையில் யாருக்காவது மறுப்பு உண்டா?”

அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

வழக்கம்போல வாய் அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கியது. “இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்” என்ற இடம் வந்தபோது நான் “உண்டு” என்று சொல்லிவிட்டேன். தமிழில்தான் வந்தது. பிறகு இங்கிலீசிலும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு சின்னதாக வந்தது. உடனே சேர்மன், “இல்லை. நிறைவேறியது” என்றார். என் முகத்துக்கு நேரே சொன்னது போல இருந்தது. அவர் அதை லண்டனில் சொல்லி முடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து ஓடிவிடத்தான் பார்த்தேன்.

ஓடவில்லை. புத்தகத்தை எடுத்து எழுதினேன்: “ஏழாம் விஷயத்தில் ஒரு மறுப்பு எழுந்தது. சட்டப்படி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.” யாருடைய மறுப்பு என்று எழுதவில்லை. எழுதுகிற வழக்கம் இல்லை.

பெல்பர் துரை சனிக்கிழமை எழுந்து வந்து அதைப் படித்தார். “கார்வில் வந்தானா? அந்த உடம்போடா?” என்று கேட்டார். நான் மைக்கூட்டை மூடிக்கொண்டிருந்தேன். மூடிக்கொண்டே இருந்தேன். “பிடிவாதக்காரக் கிழவன்” என்று அவரே சொல்லிக்கொண்டார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் அவர். தோட்டத்துக்குப் போக இருந்த கட்டளையை நிறுத்திவைத்தார். மாசிமாதக் கூட்டம் வரை நேரம் இருக்கிறது அக்கா.

குறிப்பும் கேட்கிற உருளையும் நாளைக்குக் கப்பல் ஏறுகின்றன. அந்த மெழுகில் என் குரல் கீறியிருக்கிறது. மூன்று வாரத்தில் லண்டனில் அதை ஓடவிடுவார்கள். ஒரு கிளாக்கரின் குரலை அவர்களுக்குத் தெரியாதா? இரவு கண்ணை மூடினால் கப்பல்தான் வருகிறது. எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

கிளறன்ஸ்

*

செம்மலைத் தோட்டம்
17.1.1932

என் ராசாவுக்கு,

ஐந்தும் பிறந்துவிட்டன. மூன்று பெண், இரண்டு ஆண். ஐந்து தாய்களும் உயிரோடு இருக்கிறார்கள். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது.

நல்லம்மாவுக்குத் தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது வலி எடுத்தது. காலையிலிருந்து பொழுது சாயும் வரை. இடையில் ஒரு முறை வலிப்பு வெட்டு வந்து கண் மேலே செருகிவிட்டது. ரயிலில் என்றால் அதோடு முடிந்திருக்கும், தம்பி. நான் அவளை இடப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்த செபமெல்லாம் சொன்னேன். அவளுடைய மாமியார் ஒரு பக்கம் மாரியம்மனைக் கூப்பிட்டாள். யார் வந்தார்களோ, பெண் பிள்ளை வந்தது. தலை நிறைய முடி. குரல் இருக்கிறதே, கந்தோர் வரைக்கும் கேட்டிருக்கும். கணபதி, அவள் புருசன், லயத்து வாசலில் நின்று அழுதான். அவன் அழுது யாரும் பார்த்ததில்லையாம்.

நீ செய்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கிறது. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அதன் காதில் மட்டும் சொன்னேன்.

கப்பல் திரும்பியிருக்குமே. என்ன ஆனது? உன்னை அனுப்பிவிட்டால் நேரே இங்கே வா. அவர்கள் கால் வைக்கக் கூடாது என்று சொன்னது கிளாக்கரைத்தானே. வேலை போனவனை எந்தத் துரை தடுப்பான்? பயப்படாதே. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் நீ பயப்படாதே.

உன்னை நினைத்துப் பெருமைப்படும் அக்கா,
தெரேசா

*

கட்டுக்கலை, கண்டி
18.2.1932

அக்கா,

நேற்றுக் கூட்டம் முடிந்தது. நான் வேலையில்தான் இருக்கிறேன். சம்பளமும் குறைக்கவில்லை. இதைப் படித்துச் சந்தோசப்படாதீர்கள்.

பெல்பர் துரை பக்கத்தில் நின்றார். நான் சேர்மனின் உருளையை மாட்டினேன். என் பெயர் இப்போது வரும், இப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சேர்மன் கனைத்துவிட்டுச் சொன்னார்: “சென்ற கூட்டக் குறிப்பில் ஒரு மறுப்பு எழுதப்பட்டிருக்கிறது. பெயர் இல்லை. கார்வில் அன்று மருத்துவமனையில் இருந்ததாக அறிகிறோம். உருளையை ஓடவிட்டுப் பார்த்தோம். அந்த இடத்தில் ஒரு கீறல் சத்தம் மட்டுமே கேட்கிறது. மெழுகில் குறை. ஆள் இல்லாத மறுப்பு, மறுப்பு அல்ல.”

கீறல் சத்தம், அக்கா. நான் பேசியதற்கு அவர்கள் வைத்த பெயர் அது.

செம்மலைத் தோட்டம் இந்த மாதத்தோடு மூடப்படுகிறது. அடுத்ததாக இன்னொன்றும் சொன்னார். அறையில் ஆள் இல்லாதபடியால் மறுப்பு உண்டா என்று கேட்கும் சட்டத்தை எடுத்துவிட்டார்களாம். இனி அந்த இடைவெளி வராது. அதைச் சொன்ன உருளையிலேயே வரவில்லை. ஒரு தீர்மானம், “நிறைவேறியது”, அடுத்தது, “நிறைவேறியது”. வாயில் செபம் தொடங்கும், அதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒன்பது விஷயம் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வருங்காலக் கூட்டம் இதுதான் என்றால், அதில் மூச்சு விடுவதற்கு இடம் இல்லை.

இனி எழுதப்போவதை உங்களுக்கு மறைக்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. உருளை நின்றதும் பெல்பர் துரை என்னையே பார்த்தார். “கீறல்தானா, கிளறன்ஸ்?” என்று கேட்டார்.

மெதுவாகத்தான் கேட்டார். அது நான்தான் என்று சொல்ல அவர் எனக்கு இடம் கொடுத்தது போலவும் இருந்தது. சொல்லியிருந்தால் மறுப்புக்கு ஆள் வந்திருக்கும். கிளாக்கர் சொன்னது செல்லாது என்று தள்ளியிருக்கலாம், தள்ளாமலும் இருந்திருக்கலாம். இனி யாருக்கும் தெரியாது.

“ஆமாங்க துரை, கீறல்தான்” என்றேன்.

ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த சீடனுக்குக் கூவின சேவல் எனக்குக் கூவவில்லை. கந்தோர் மணிதான் அடித்தது. பெயர் எழுதாதது வழக்கம் என்று உங்களுக்கு எழுதினேனே, அது பொய். அன்றைக்கும் பயத்தில்தான் எழுதவில்லை.

கிளறன்ஸ்

*

செம்மலைத் தோட்டம்
1.3.1932

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். பதில் எழுதாததற்கு வேறு காரணம் இல்லை. அந்த “ஆமாங்க துரை”யை நினைக்கும்போதெல்லாம் உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பிறகு ஐந்து பிள்ளைகளையும் நிறுத்துப் பார்க்கிற நாள் வந்தது. ஒவ்வொன்றாகக் கையில் எடுக்க எடுக்கக் கோபம் நிற்கவில்லை. போனால் போகட்டும் என்று விடவும் முடியவில்லை. இரண்டும் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

இன்று காலை எல்லாரையும், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்துக்கு வரச் சொன்னார்கள். துரை தாளை வாசித்தார், கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார். உங்கள் சேர்மனிடம் படித்தாரோ என்னவோ, துரையும் எங்கேயும் நிறுத்தவில்லை. தோட்டம் மூடியாயிற்று, வியாழக்கிழமை வத்தேகமையில் ரயில், பானை சட்டிக்கு மேல் எடுக்கக் கூடாது, லயத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். இருநூறு பேர் நின்றார்கள். மூக்கையாக் கங்காணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது நல்லம்மாவின் மகள் அழ ஆரம்பித்தாள். அவளைக் கேட்டு மற்ற நாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கின. துரை குரலை உயர்த்திப் பார்த்தார், முடியவில்லை. கணக்கப்பிள்ளை, “ஏய், புள்ளைய அமத்து!” என்று கத்தினார். நல்லம்மா அசையவில்லை. “அழட்டும்ங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மற்ற தாய்களும் பிள்ளைகளை அமர்த்தவில்லை. துரை தாளை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றார். நான் எண்ணினேன், தம்பி. மூன்று அருள்நிறை மந்திரம்.

பிறகு அவர் மிச்சத்தை வாசித்தார். போகத்தான் போகிறோம். ஒன்றும் மாறவில்லை.

இரண்டு பெண்களுக்கு உடம்பு இன்னும் தேறவில்லை, அதனால் தனுஷ்கோடி வரை நானும் போகிறேன். டிஸ்பென்சரியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். திரும்பி வருவேனா, வந்தால் எங்கே என்று எனக்குத் தெரியாது. இனி ஹபீல் நானா கடைக்கு எழுதாதே. அவரும் றமீஸாவும் உன்னை விசாரித்தார்கள்.

வியாழக்கிழமை காலை எங்கள் ரயில் கண்டி ஸ்டேசனில் கொஞ்ச நேரம் நிற்கும். பெல்பர் துரையும் ஆட்களை எண்ணிப் பார்க்க அங்கே வருவார் என்று சொல்கிறார்கள். நீ வருவதும் வராததும் உன் விருப்பம். எங்கள் பெட்டி கடைசிப் பெட்டி.

நேற்று நல்லம்மாவிடம் மட்டும், தோட்டத்தை மார்கழியிலேயே மூட இருந்தார்கள், கண்டியில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னதால்தான் தள்ளிப்போனது என்று சொன்னேன். “யாரும்மா அது?” என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். வந்தால் உன் பெயரை நீயே சொல்லு.

அக்கா,
தெரேசா